தனித்து நின்ற ஒரு வாக்கு

ஒரு பக்கம் 388 பேர். மறுபக்கம் ஒரே ஒருவர். அந்த ஒருவரும் ஒரு பெண்மணி. வயது 61.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், வாஷிங்டன் நகரில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நடந்த நிகழ்ச்சி இது. முதல் நாள் காலையிலேதான் ஜப்பானிய விமானங்கள் ஹவாய்த் தீவின் பேர்ல் துறைமுகத்தின் மீது குண்டுமாரி பொழிந்து 2,400 பேருக்கு மேல் மாய்த்திருந்தன. நாடு கொதித்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நேரில் வந்து போர்ப் பிரகடனம் வேண்டினார். செனட் சபை 82 வாக்குகளோடு, எதிர்ப்பே இல்லாமல், இசைவு தந்துவிட்டது. பிரதிநிதிகள் சபையிலும் அவ்வாறே நடக்கும் என்று எல்லோரும் எண்ணியிருந்த வேளையில், எழுந்து எழுந்து பேச அனுமதி கேட்டார் அந்த அம்மையார். சபைத் தலைவர் சாம் ரேபர்ன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. உட்காரச் சொல்லிக் கூச்சல் எழுந்தது. வாக்கை மாற்றிக் கொள்ளுங்கள், மாற்ற மனமில்லையேல் நடுநிலை என்றாவது பதிவு செய்யுங்கள் என்று உடன் உறுப்பினர்கள் கெஞ்சினார்கள். அம்மையார் அசையவில்லை. பெயர் அழைக்கப்பட்டபோது போர் வேண்டாம் என்றே சொன்னார். சபையிலே சீறல் கிளம்பிற்று.

வெளியே வந்தவரைக் கூட்டம் விரட்டியது. நிருபர்களும் புகைப்படக்காரர்களும் துரத்தினர். பக்கத்திலிருந்த டெலிபோன் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். போலீசார் வந்துதான் அவரைப் பத்திரமாக அலுவலகம் கொண்டு சேர்த்தனர். சொந்தத் தம்பியே, மாநிலம் முழுவதும் உனக்கு எதிராக நிற்கிறது என்று தந்தி கொடுத்தார்.

யார் இந்த அம்மையார்? ஏன் இந்தப் பிடிவாதம்? ஊரே ஒரு பக்கம் ஓடும்போது ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தால் அதற்குப் பெயர் அறியாமையா, அகந்தையா, அல்லது அறமா? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் ஜெனட் ராங்கின் அம்மையாரின் வாழ்க்கையைச் சிறிது புரட்டிப் பார்த்தாக வேண்டும்.

மலைநாட்டு மகள்

காங்கிரஸ் என்றதும் நம் நாட்டுக் கட்சியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் பார்லிமெண்டுக்கே அந்தப் பெயர். செனட் என்றும் பிரதிநிதிகள் சபை என்றும் அதற்கு இரு அவைகள். அந்தக் காங்கிரசில் அடியெடுத்து வைத்த முதல் பெண் ஜெனட் ராங்கின்.

1880ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், மான்டானா மலைப்பிரதேசத்தில் மிசூலா என்ற ஊருக்கருகே பிறந்தார். மான்டானா அப்போது மாநிலம் என்ற தகுதியைக்கூடப் பெறவில்லை. தந்தை ஜான் ராங்கின் கனடாவிலிருந்து வந்து குடியேறியவர்; மரவேலையும் கட்டட வேலையும் செய்து, மாட்டுப் பண்ணை வைத்துப் பொருள் சேர்த்தவர். தாய் ஆலிவ் பள்ளி ஆசிரியை. குடும்பத்தின் மூத்த பிள்ளை ஜெனட். மூத்த பெண்ணாகப் பிறந்தவளுக்கு எந்த நாட்டிலும் வேலைக்குக் குறைவில்லை! தம்பி தங்கையரை வளர்த்தார், பண்ணையில் உழைத்தார். தந்தைக்குச் சொந்தமான ஒரு வீட்டின் முன்னே நடைபாதை இல்லாததால் யாரும் குடிவரவில்லை என்றறிந்து, தாமே பலகைகளை எடுத்து ஆணியடித்து நடைபாதை அமைத்தார் என்று அவரது இளமையைப் பற்றிச் சொல்வார்கள்.

1902இல் மான்டானா பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றார். ஆசிரியை வேலை பார்த்தார். அதில் மனம் ஒட்டவில்லை. பெரிய நகரங்களின் சேரிகளைக் கண்டபோது உள்ளம் உருகியது. நியூயார்க் சென்று சமூகப் பணிக்கான கல்வி கற்றார். பிறகு வாஷிங்டன் மாநிலத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான பணியில் சேர்ந்தார். அங்கேதான் அவருக்கு ஓர் உண்மை புலனாயிற்று. குழந்தை ஒவ்வொன்றுக்கும் மருந்து தடவிக்கொண்டிருந்தால் நோய் தீராது. நோயை உண்டாக்கும் சட்டத்தைத் திருத்த வேண்டும். சட்டத்தைத் திருத்த வாக்கு வேண்டும். அந்த வாக்கோ பெண்களுக்கு இல்லை!

வாக்கு கேட்டு வந்த பெண்

1910இல் வாஷிங்டன் மாநிலத்துப் பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். அந்தப் போராட்டத்தில் சுவரொட்டி ஒட்டும் தொண்டராகச் சேர்ந்த ராங்கின், சில ஆண்டுகளில் நாடறிந்த அமைப்பாளரானார். 1911 பிப்ரவரியில் சொந்த மாநிலமான மான்டானாவின் சட்டசபையில் பெண் வாக்குரிமைக்காகப் பேசினார். அந்த மன்றத்தில் பெண் குரல் ஒலித்தது அதுவே முதல் தடவை. மாநிலம் மாநிலமாகச் சுற்றினார். சுரங்க வாயிலில் பேசினார். பண்ணை வீட்டுத் திண்ணையில் பேசினார். தெரு முனையில் நின்று பேசினார். 1914இல் மான்டானா ஆண்கள் வாக்களித்துத் தங்கள் பெண்களுக்கு வாக்குரிமை தந்தனர்.

வாக்கு கிடைத்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று அவர் இருந்துவிடவில்லை. 1916இல் பிரதிநிதிகள் சபைக்கு ரிபப்ளிகன் கட்சி வேட்பாளராக நின்றார். வழக்கறிஞரான தம்பி வெலிங்டன் தேர்தல் வேலைகளைக் கவனித்துக்கொண்டார். மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை அப்போது மான்டானாவில் இருந்தது. பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, தொழிலாளருக்கு எட்டு மணி நேர வேலை, குழந்தைகளுக்குப் பாதுகாப்பு, போர் வேண்டாம் என்பவை அவரது கொள்கைகள். முடிவு வருவதற்குள் அவர் தோற்றுவிட்டார் என்றே பேச்சு பரவிற்று. வாக்குகளை எண்ணி முடித்தபோது வெற்றி அவருக்கு!

இதிலே ஒரு விந்தையைக் காண வேண்டும். அன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் பெண்களுக்கு வாக்கே கிடையாது. நியூயார்க்கில் ஒரு பெண் தன் ஊர்ப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் மான்டானாவின் ஒரு பெண் நியூயார்க்குக்கும் சேர்த்துச் சட்டம் செய்யலாம்!

பத்திரிகைகள் என்ன எழுதின? அவர் எட்டு மணி நேர வேலை பற்றி என்ன நினைக்கிறார் என்றா கேட்டன? இல்லை. தலைமுடியின் நிறம் என்ன, தொப்பியின் பாணி என்ன, உடையை யார் தைத்தார் என்றே ஆராய்ந்தன. திருமணம் செய்துகொள்ளும்படி முன்பின் தெரியாதவர்கள் கடிதம் எழுதினார்கள். பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால் பணம் தருவதாக ஒரு பற்பசைக் கம்பெனி முன்வந்தது. பொதுவாழ்வில் ஈடுபடும் பெண்ணின் கொள்கையை விட்டுவிட்டுக் கூந்தலைப் பார்க்கும் குணம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதல்லவே!

முதல் நாளே வந்த சோதனை

1917 ஏப்ரல் 2ஆம் நாள். காலையில் வாக்குரிமை இயக்கத்தின் இரு பிரிவினரும் சேர்ந்து அவருக்கு விருந்தளித்தனர். ஒரு பக்கம் கேரி சேப்மன் காட். மறுபக்கம் ஆலிஸ் பால். எதிரும் புதிருமான இரு தலைவியர் நடுவில் ராங்கின். பூக்களோடு ஊர்வலமாகச் சபைக்குச் சென்றார். உறுப்பினர்கள் கைதட்டி வரவேற்றார்கள். அன்றிரவே ஜனாதிபதி வில்சன் வந்து, ஜெர்மனி மீது போர் தொடுக்க அனுமதி கேட்டார்!

பதவி ஏற்ற மாலை வாடவில்லை. அதற்குள் இந்தச் சோதனை. தம்பி சொன்னார்: போருக்கு ஆதரவு தராவிட்டால் உன் அரசியல் வாழ்வு இதோடு முடிந்தது என்று. வாக்குரிமை இயக்கத்தார் பலர் அஞ்சினர்: பெண்கள் கோழைகள், நாட்டுப்பற்று அற்றவர்கள் என்று பழி சுமத்துவார்களே, எங்கள் போராட்டமே பாழாகுமே என்று. ஆலிஸ் பால் முதலிய சிலர் மட்டும் போரை எதிர்க்கச் சொன்னார்கள்.

விவாதம் நீண்டுகொண்டே போயிற்று. ஏப்ரல் 6ஆம் நாள் விடியற்காலை மூன்று மணியளவில் வாக்கெடுப்பு. பெயரை அழைத்தார்கள், பதிலில்லை. முன்னாள் சபைத் தலைவரான முதியவர் ஜோசப் கானன் அருகே வந்து, நாட்டுப் பெண்ணினத்தின் பிரதிநிதி நீ, வாக்களிக்காமல் இருக்கலாகாது என்று எடுத்துரைத்தார். இரண்டாம் முறை பெயர் அழைக்கப்பட்டது. எழுந்து நின்றார். நாட்டோடு நிற்கவே தாம் விரும்புவதாகவும், ஆனால் போருக்கு வாக்களிக்கத் தம்மால் இயலாது என்றும் கூறினார். வாக்களிக்கும்போது விளக்கம் சொல்வது சபை மரபில் இல்லாதது. அந்த மரபையும் அன்று அவர் மீறினார்.

போருக்கு ஆதரவாக 373, எதிராக 50. ஆக, எதிர்த்தவர் அவர் மட்டுமல்லர்; அவருடன் 49 ஆண்களும் எதிர்த்தார்கள். செனட் சபையிலும் 6 பேர் எதிர்த்தனர். ஆனால் பத்திரிகைகள் அந்த ஆண்களை எழுதவில்லை. அம்மையார் அழுதார், மயங்கினார், பெண்புத்தி என்று எழுதின. பிற்காலத்தில் நியூயார்க் மேயராகப் புகழ் பெற்ற லாகார்டியா அன்று அதே சபையில் உறுப்பினர். ராங்கின் அழுதாரா என்று அவரைக் கேட்டபோது, தம் கண்களிலேயே நீர் நிறைந்திருந்ததால் தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாராம். போருக்கு வாக்களித்தவர் அவர்! ஆண் சிந்திய கண்ணீர் கடமையின் கனம். பெண் சிந்தியதாகச் சொல்லப்பட்டது பலவீனம்! இதுதான் அன்றைய நியாயம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் அறிவிக்கும் தீர்மானம் வந்தபோது அவர் ஆதரித்தே வாக்களித்தார். போர்க் காலத்தில் கடன் பத்திரங்களுக்காகவும் பேசினார். தவறே செய்யாத தெய்வமாக அவரைக் காட்டுவது நம் நோக்கமல்ல. அலைமோதிய ஒரு மனம் எப்படி உறுதிப்பட்டது என்பதே நாம் காண வேண்டியது.

செம்புச் சுரங்கமும் சிவந்த கண்களும்

போரோடு மட்டும் அவர் மோதவில்லை. பெரும் பணத்தோடும் மோதினார். மான்டானாவில் பியூட் என்ற ஊர் செம்புச் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்றது. அங்கே அனகொண்டா செம்புக் கம்பெனி வைத்ததுதான் சட்டம். சுரங்கம் அதனுடையது, மாநிலத்தின் பெரிய பத்திரிகைகள் பலவும் அதன் பிடியில். 1917 ஜூன் 8ஆம் நாள் பியூட்டில் ஸ்பெக்குலேட்டர் என்ற சுரங்கத்தில் தீப்பிடித்து 168 தொழிலாளர்கள் மாண்டனர். தப்பி ஓட வழியில்லாமல், சிமெண்டுச் சுவர்களின் மீது மோதி மோதி மடிந்தவர்களும் உண்டு. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகஸ்ட் முதல் நாள், தொழிற்சங்கத் தலைவர் பிராங்க் லிட்டிலை முகமூடிக் கூட்டமொன்று இழுத்துச் சென்று தூக்கிலிட்டது.

ராங்கின் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. சுரங்கங்களை அரசாங்கமே ஏற்று நடத்தலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பியூட்டுக்கே சென்று ஆயிரக்கணக்கான தொழிலாளர் நடுவே நின்று பேசினார். கரன்சி நோட்டு அச்சடிக்கும் அரசாங்க அச்சகத்தில் பெண்கள் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேலும் வாட்டி எடுக்கப்படுவதை அறிந்து, விசாரணை வைக்கச் செய்து, எட்டு மணி நேர வேலையை அவர்களுக்கு மீட்டுத் தந்தார். தாய்-சேய் நலத்துக்கு அரசாங்கமே பொருள் உதவ வேண்டும் என்ற மசோதாவையும் 1918இல் கொண்டுவந்தார். 1921இல் அதே நோக்கத்தோடு ஒரு சட்டம் நிறைவேறிற்று.

1918 ஜனவரி 10ஆம் நாள் நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம் சபைக்கு வந்தது. விவாதத்தைத் தொடங்கி வைத்தவர் ராங்கின். வெளிநாட்டில் ஜனநாயகத்தைக் காக்கப் போர் செய்கிறோம் என்கிறீர்கள், உள்நாட்டில் பாதிப்பேருக்கு ஜனநாயகம் இல்லையென்றால் அந்தப் போரை அவர்களுக்கு எப்படி விளக்குவீர்கள் என்று கேட்டார். ஆதரவு 274, எதிர்ப்பு 136. மூன்றில் இரண்டு பங்கு தேவை. ஒரே ஒருவர் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் தோல்வி! செனட் சபை அப்போது மறுத்துவிட்டபோதிலும், 1920இல் அந்தத் திருத்தம் சட்டமாயிற்று. ஆனால் தாம் பாடுபட்ட உரிமை நிறைவேறிய அந்த நாளில் ராங்கின் சபையில் இல்லை.

ஏன்? மான்டானாவை இரு தொகுதிகளாகப் பிரித்தார்கள். டெமாக்ரட் கட்சிக்குச் செல்வாக்குள்ள மேற்குத் தொகுதி அவர் பங்குக்கு விழுந்தது. ஆகவே செனட் சபைக்கு முயன்றார். கட்சிக்குள் நடந்த தேர்வில் சிறு வித்தியாசத்தில் தோற்றார். சிறு கட்சியொன்றின் பெயரால் நின்று மீண்டும் தோற்றார். 1919 மார்ச்சில் பதவி முடிந்தது.

இருபது ஆண்டு வனவாசம்

பதவி போனால் பொதுவாழ்வும் போயிற்று என்று சிலர் ஒதுங்குவர். ராங்கின் அப்படிப்பட்டவரல்லர். 1919இல் ஜேன் ஆடம்ஸ் முதலிய பெண் தலைவர்களோடு ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரில் கூடிய அமைதி மாநாட்டுக்குச் சென்றார். ஜார்ஜியா மாநிலத்தில் சிறு நிலம் வாங்கி, மின்சாரம்கூட இல்லாத எளிய வீட்டில் வாழ்ந்தார். அங்கேயே அமைதிச் சங்கம் அமைத்தார். 1929 முதல் பத்தாண்டு காலம் போர்த் தடுப்பு மன்றமொன்றின் சார்பில் காங்கிரஸ் உறுப்பினர்களின் கதவுகளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

1940இல், 60ஆம் வயதில், மீண்டும் மான்டானாவில் நின்றார். யூதர்களுக்கு எதிராக வெறுப்பு வளர்த்த ஜேக்கப் தார்க்கெல்சன் என்பவரைக் கட்சித் தேர்வில் வீழ்த்தினார். பிறகு டெமாக்ரட் வேட்பாளரையும் வென்றார். 24 ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் அதே சபை. மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் அதே விடை. தாம் பெண்ணாகையால் போர்க்களம் போக முடியாது, ஆகவே பிறரைப் போகச் சொல்ல மாட்டேன் என்பது அவர் கூறிய காரணம். மூன்று நாட்களுக்குப் பின் ஜெர்மனி, இத்தாலி பற்றிய தீர்மானங்கள் வந்தபோது எப்பக்கமும் சேராமல் சபையில் இருப்பதாக மட்டும் பதிவு செய்தார். 1942இல் அவர் தேர்தலில் நிற்கவில்லை. நின்று என்ன பயன் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

அவர் செய்தது சரியா?

1941ஆம் ஆண்டு வாக்கு சரியா தவறா என்று கேட்டால், நாம் மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். ஐரோப்பாவை இட்லரின் படை மிதித்துக்கொண்டிருந்த நேரம். சீனம் ஜப்பானின் கொடுமையில் துடித்துக்கொண்டிருந்த நேரம். கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் அந்தக் கொடியவர்கள் தாமாகத் திருந்தியிருப்பார்கள் என்று யாரும் வாதிட முடியாது. அன்று அமெரிக்கா போரில் இறங்கியது தவிர்க்க முடியாதது என்பதே நமது கருத்து.

ஆயினும் அந்த ஒரு வாக்கை நாம் மதிக்கிறோம். காரணம் இருக்கிறது. ஒரு சபையில் மறுப்புச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லையென்றால், அங்கே எழும் ஒப்புதலுக்கு என்ன மதிப்பு? அச்சத்தால் உயர்ந்த கை எது, ஆராய்ந்து உயர்ந்த கை எது என்று எப்படி அறிவது? ராங்கின் அம்மையாரின் மறுப்பு அந்த 388 பேரின் வாக்குக்கும் மதிப்புத் தேடித் தந்தது. மாறுபட்ட கருத்து இருக்க முடிந்த இடத்தில் எடுக்கப்பட்ட முடிவு அது என்று உலகம் அறிந்தது. கான்சாஸ் மாநிலத்துப் பத்திரிகாசிரியர் வில்லியம் ஆலன் ஒயிட் அதனால்தான், அவர் கருத்தை முற்றும் மறுத்துக்கொண்டே அவர் துணிவைப் போற்றி எழுதினார். 1958இல் செனட் உறுப்பினராயிருந்த கென்னடியும் வீரமிக்க பெண்மணிகளின் வரிசையில் அவரை வைத்து எழுதினார்.

மேலும், அந்த வாக்கினால் அவர் என்ன பெற்றார்? பதவியா? பணமா? புகழா? இருந்ததையும் இழந்தார். இழப்பு நிச்சயம் என்று தெரிந்தே எடுத்த முடிவைச் சந்தர்ப்பவாதம் என்று யாரும் சொல்ல முடியாதல்லவா?

முதுமையிலும் முன்வரிசை

காந்தியாரின் அறவழி அவரை ஈர்த்தது. 1946இல் தொடங்கி 1971 வரை ஏழு முறை இந்தியா வந்து சென்றார். 1968 ஜனவரி 15ஆம் நாள், வியட்நாம் போரை எதிர்த்து ஏறத்தாழ 5,000 பெண்கள் வாஷிங்டனில் அணிவகுத்தனர். அணிக்குப் பெயர் ஜெனட் ராங்கின் படை. முன்னே நடந்தவர் 87 வயதுக் கிழவியாகிய அதே ராங்கின்; உடன் வந்தவர்களில் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டாவும் ஒருவர். காங்கிரஸ் மாளிகை வளாகத்துக்குள் ஊர்வலம் கூடாது என்று 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித் தடுத்தனர். அந்தப் பெண்கள் வழக்காடினர். 1972இல் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. குடிமக்கள் தங்கள் குறையைத் தங்கள் சட்டமன்றத்தின் வாயிலில் நின்று கூறும் உரிமை, அந்தக் கிழவியின் பெயரால் நடந்த வழக்கிலே கிடைத்தது!

1973 மே 18ஆம் நாள் கலிபோர்னியாவில் காலமானார். வயது 92. விட்டுச் சென்ற சொத்து, வேலையற்ற பெண்களின் நலனுக்குப் பயன்பட வேண்டுமென எழுதி வைத்திருந்தார். 1985இல் காங்கிரஸ் மாளிகையிலேயே மான்டானா மாநிலம் அவருக்குச் சிலை வைத்தது. போருக்கு வாக்களிக்க இயலாது என்று எந்தச் சொல்லுக்காக அவரைத் தூற்றி விரட்டினார்களோ, அந்தச் சொல்லையே அந்தச் சிலையின் பீடத்தில் பொறித்தார்கள்.

டெலிபோன் அறைக்குள் ஒளிந்து நின்ற அன்று, அந்தக் கட்டடத்திலேயே தமக்குச் சிலை எழும் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். சிலைக்காக அவர் வாக்களிக்கவும் இல்லை. எண்ணிக்கை எப்பக்கம் இருக்கிறதோ அப்பக்கம் நிற்பது எளிது. அதற்கு விலை ஏதும் இல்லை. எண்ணிக்கை இல்லாத பக்கத்தில் நிற்கத் துணிபவர் சொல்வது ஒருநாள் தவறாகவும் முடியலாம். ஆனாலும் அவரை விரட்டாமல் உட்கார வைத்துக் கேட்கத் தெரிந்த சபையே மக்களின் சபை. அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அதுதான்.